ஒன்றுக்குப் பத்து

அகழாய்வில் என் வேலை வரைவது. தோண்ட ஆள் உண்டு, பானை ஓட்டைக் கழுவிக் காயவைக்க ஆள் உண்டு, அறிக்கை எழுதப் பேராசிரியர்கள் உண்டு. குழிக்குள், இறந்தவரை வைத்துப் புதைத்த ஒரு தாழி தலைகாட்டினால் என்னைக் கூப்பிடுவார்கள். நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, தாழியின் வாய், தோள், வயிறு, அடி என்று ஒவ்வொன்றாக அளந்து, கிராஃப் தாளில் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் போடுவேன். ஒரு மீட்டர் உயரத் தாழி தாளில் பத்து சென்டிமீட்டர். உள்ளே தங்கம் இருந்தாலும் அதே அளவுதான், மண்ணைத் தவிர ஒன்றும் இல்லாவிட்டாலும் அதே அளவுதான். தங்கம் கிடைத்த அன்று படம் பிடிக்கிற தம்பி ஐம்பது படம் எடுப்பான்; வெறும் தாழிக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்வான். பென்சிலில் அந்தச் சலுகை கிடையாது. இரண்டுக்கும் ஒரே நேரம் பிடிக்கும், முதுகும் ஒரே மாதிரிதான் வலிக்கும்.

அந்தக் காலத்தில் ஏழை பணக்காரன் உண்டா என்று என்னிடம் கேட்பவர்கள் அடுத்த மூச்சில் தங்கத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். தங்கம் ஒரு பதில்தான். ஆனால் தாழி தாழியாக வரைந்து வந்தவனுக்கு, பதிலின் பெரிய பங்கு வேறு இடங்களில் கிடப்பதாகத் தெரிகிறது.

எனக்கு ஊர் நெய்யூர். இரணியலுக்கும் திங்கள்சந்தைக்கும் பக்கம், குளச்சல் கடலுக்கு அதிக தூரம் இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் ஆஸ்பத்திரிதான். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1828-இல் இங்கே வந்து தங்கினார். 1838-இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922-லும் 1924-லும் எவரெஸ்டில் ஏறப்போன ஹோவர்ட் சாமர்வெல் இந்த ஆஸ்பத்திரியில்தான் பல ஆண்டுகள் கத்தி பிடித்தார். என் தாய்மாமா பிற்காலத்தில் இங்கே எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தார். அப்பா கொத்தனார். எலும்பை மாமாவிடமும் தூக்குக்குண்டை அப்பாவிடமும் கற்றேன். ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படித்து வீட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன், பொருநை என்கிற தாமிரபரணியின் கரையில் ஓர் அகழாய்வு முகாமுக்கு ஒப்பந்த வேலையாகப் போனேன். அதன்பிறகு இரண்டு படுக்கையறை, ஒரு கார் ஷெட் என்று வரையக் கை ஓடவில்லை.

அப்பா வீடு கட்டியதற்குச் சமமாகக் கல்லறையும் கட்டியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் சி.எஸ்.ஐ., ஆர்.சி., மற்ற சபைகள் என்று கல்லறைத் தோட்டங்களுக்குக் குறைவில்லை. வெறும் மண் மேடும் மரச்சிலுவையும் ஒரு வகை. செங்கல் கட்டிச் சிமென்ட் பூசியது அடுத்தது. அதற்கு மேல் மொசைக், பிறகு டைல்ஸ், பிறகு கறுப்பு கிரானைட்டில் போட்டோவோடு செதுக்கியது. பள்ளிக்கூட லீவில் நூல் பிடிக்கப் போவேன். கிரானைட் வைத்த ஒரு கல்லறையைக் காட்டி, இவர் பெரிய பணக்காரரா என்று ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன். "மக்களே, கல்லறைய வச்சு ஆளை எடை போடாத. கெட்டுனவனுக்குக் கடன் எவ்ளோன்னு கேளு" என்றார். அந்தக் கல்லறைக்கான கூலியில் பாதி அப்பாவுக்கு அப்போதும் வந்திருக்கவில்லை. வந்ததா என்பதும் எனக்கு நினைவில்லை.

புதைகுழிகளைப் பற்றிய தடிமனான புத்தகங்கள் நீளமாகச் சொல்வதும் இதைத்தான். செத்தவன் தன்னைத்தானே புதைத்துக்கொள்வதில்லை. உள்ளே வைத்த பொருள் வைத்தவர்களின் கதையைச் சொல்கிறது. அது செத்தவனின் கதையோடு ஒத்தும் போகலாம், ஒவ்வாமலும் போகலாம்.

ஆதிச்சநல்லூரில் இருந்து தொடங்குவதுதான் முறை. திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில், 114 ஏக்கர் பரம்பு. 1876-இல் பெர்லினில் இருந்து வந்த ஃபெடோர் யாகோர் அங்கே தோண்டிக் கிடைத்ததைக் கப்பலேற்றினார். 1899 தொடங்கி 1905 வரை அலெக்சாண்டர் ரே பல பருவங்கள் தோண்டினார். இடையில் லூயி லாப்பிக் என்ற பிரெஞ்சுக்காரர் வந்து தன் பங்குக்குக் கொஞ்சம் பாரிசுக்குக் கொண்டுபோனார். ரே எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன: எருமையும் சேவலும் நிற்கும் வெண்கல மூடிகள், இரும்பு வாள்கள், ஈட்டிகள், தாய்த்தெய்வம் என்று சொல்லப்படும் சிறு வெண்கல உருவம், இவற்றோடு மெல்லிய பொன் தகட்டில் செய்த நெற்றிப்பட்டங்கள். 1915-இல் ரேயின் பட்டியல் புத்தகமாக வந்தது. அதை வரைவாளன் கண்ணோடு பார்த்தால் முதலில் உறுத்துவது ஒன்றுதான். அது பொருட்களின் பட்டியல். தாழிகளின் பட்டியல் இல்லை. இந்த நெற்றிப்பட்டம் எந்தத் தாழியில் இருந்தது, பக்கத்துத் தாழியில் என்ன இருந்தது, அதற்கும் அடுத்ததில் ஒன்றும் இல்லாமல் போனதா என்ற கேள்விகளோடு போனால் முழுப் பதில் கிடைக்காது. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. ஆனால் ஏற்றத்தாழ்வைத் தேடுகிறவனுக்கு நெற்றிப்பட்டத்தைவிட அடுத்த தாழியின் வெறுமைதான் முக்கியமான சான்று. அதைத்தான் யாரும் கப்பலேற்றவில்லை.

நூறு ஆண்டு கழித்து, 2004-இல் தொல்லியல் துறையின் தி. சத்தியமூர்த்தி தலைமையில் அங்கே மறுபடி குழி போட்டார்கள். சுமார் 600 சதுர மீட்டரில் 150-க்கும் மேற்பட்ட தாழிகள், அடுக்கின் மேல் அடுக்காக. ரேவுக்குக் கிடைத்த அளவு வெண்கலமும் பொன்னும் இந்த முறை இல்லை. ஒரு பானை ஓட்டில் மட்டும், ஒட்டுவேலையாக, ஒடிசலான ஒரு பெண், மான், முதலை, வாழைமரம், அதன்மேல் ஒரு கொக்கு. அந்த ஓட்டை வரைய எனக்கு வாய்க்கவில்லை, அந்தக் குறை இன்னும் உண்டு. 2021-க்குப் பிறகு நடந்த அகழாய்வில் பொன் மறுபடி வந்தது. இப்போது அங்கேயே, தாழிகள் கிடந்த குழியின் மேல் கண்ணாடி போட்டு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், 2023-இல் திறந்தது.

அப்படியானால் பொன் கிடைத்த பக்கம் பணக்காரர் தெரு, 2004-இல் தோண்டிய பக்கம் ஏழைகள் தெரு என்று சொல்லிவிடலாமா? பத்திரிகைக்காரர்கள் அப்படிக் கேட்பார்கள். 2004-இல் எடுத்த மாதிரிகளில் ஒன்று கி.மு. 905 என்றும் இன்னொன்று கி.மு. 696 என்றும் காலம் காட்டின. இருநூறு ஆண்டு இடைவெளி. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நாம் நினைக்கும் இரண்டு தாழிகளுக்கு நடுவே ஏழெட்டுத் தலைமுறை இருக்கலாம். தாத்தா காலத்தில் வெண்கலம் வைப்பது வழக்கமாக இருந்து பேரன் காலத்தில் அது நின்றிருக்கலாம். மண்ணடுக்கு பார்க்காமல், காலம் பார்க்காமல், இதில் இவ்வளவு அதில் இவ்வளவு என்று கணக்குப் போடுவது ஆபத்து.

பொருளை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் வழி தவறலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய உதாரணம் இராக்கில் இருக்கிறது. 'ஊர்' என்ற பெயருடைய பழைய நகரத்தின் அரச கல்லறைகளை லெனார்ட் உல்லி 1920-களில் தோண்டினார். அதில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் பெரிய மரணக் குழி. உள்ளே 74 பேர். 68 பெண்கள், 6 ஆண்கள். பெண்களில் பலர் தலையில் பொன், கழுத்தில் நீலக்கல், சூதுபவளம். அந்த எலும்பையும் நகையையும் மட்டும் ஒரு கிராஃப் தாளில் போட்டு என்னிடம் கொடுத்திருந்தால், ஒவ்வொருத்தியும் ஒரு சீமாட்டி என்றுதான் சொல்லியிருப்பேன். அவர்கள் இன்னொருவரின் சாவுக்குத் துணையாக அனுப்பப்பட்டவர்கள். விஷம் குடித்து அமைதியாகப் படுத்துக்கொண்டார்கள் என்று உல்லி நினைத்தார். பின்னாளில் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இரண்டு மண்டை ஓடுகளை சி.டி. ஸ்கேன் எடுத்தபோது அடித்துக் கொன்ற உடைவு தெரிந்தது. பொன் போட்டிருந்தவள் பொன்னுக்குச் சொந்தக்காரி இல்லை. பொன்னைப்போல அவளும் ஒரு பொருள்.

பல்கேரியாவின் வர்ணாவில் இதற்கு மறுபக்கம். 1972-இல் தற்செயலாகக் கண்டுபிடித்த ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கல்லறைக் களம். சுமார் முந்நூறு குழிகள், மொத்தம் ஆறு கிலோ பொன். அதில் 43-ஆம் குழியில் கிடந்த ஓர் ஆணுக்கு மட்டும் ஒன்றரைக் கிலோ. சில குழிகளில் பொன் உண்டு, ஆளே இல்லை. உடலே இல்லாத குழிக்கு எதற்குப் பொன் என்று கேட்டால், பார்க்கிறவர்களுக்குத்தான். அப்பா சொன்ன கடன் எனக்கு அங்கேயும் நினைவுக்கு வருகிறது.

ஆகவே நான் பொருளைவிட உழைப்பை எண்ணப் பழகினேன். இது கொத்தனார் மகன் புத்தி. ஒரு சுவரைப் பார்த்தால் எத்தனை ஆள், எத்தனை நாள் என்று மனசு தானாகக் கணக்குப் போடும்.

கொடுமணல் மாதிரி ஊர்களில், பலகைக் கற்களால் கட்டிய கல்லறைகளான கற்பதுக்கைகளைப் பார்த்தால் இந்தக் கணக்கு ஓடாமல் இருக்காது. தரைக்கு ஒரு பலகைக் கல், நான்கு பக்கமும் ஒன்றையொன்று அணைத்து நிற்கும் நான்கு கற்கள், ஒன்றில் இடுதுளை, மேலே மூடுகல், சுற்றிக் கல்வட்டம். மூடுகல் மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், முப்பது சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். 1.8 கன மீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். ஆக, ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. தலைக்கு ஐம்பது கிலோ என்று தோளில் சுமந்தால் கிட்டத்தட்ட நூறு பேர். தோளில் சுமந்திருக்க மாட்டார்கள்; உருட்டுக்கட்டையும் கயிறும் மாடும் இருந்திருக்கும், ஆள் குறைந்திருக்கும். குறைந்தாலும் பாறையில் இருந்து பெயர்த்தவர், இழுத்தவர், சரிவு கட்டி ஏற்றியவர் என்று ஒரு கூட்டம். அத்தனை பேருக்கும் அன்றைக்குச் சோறு. குழிக்குள் ஒரு மணியும் இல்லாமல் போனாலும், ஆள் கூப்பிட்டு அந்த மூடுகல்லைத் தூக்கவைத்த குடும்பம் சாதாரணக் குடும்பம் இல்லை. கல்லறைத் திருடர்கள் மணியைத் திருடலாம். மூடுகல்லைத் திருட முடியாது. அதனால் அந்தச் சான்று நமக்கு மிச்சம்.

மணிக்கும் இதே கணக்கு உண்டு. கொடுமணலில் ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் கிடைத்தன. கீழடியின் இடுகாடான கொந்தகையில் 2022-இல் ஒரு தாழிக்குள் 74. சூதுபவளம் நம் மண்ணில் பெரிதாகக் கிடைப்பதில்லை, குஜராத் பக்கத்துக் கல். உடைத்து, சுட்டு நிறமேற்றி, தேய்த்து, கடைசியில் துளையிட வேண்டும். துளையிடும்போது உடைந்து வீணாவது தனி. 2,220 மணி என்றால் அது ஒரு கழுத்துக்கு மாலை என்பதைத் தாண்டி, எங்கோ குனிந்து உட்கார்ந்து துளையிட்ட பலருடைய கண்ணும் கைவிரலும். அந்தக் கைவிரல்காரர்களின் குழிகள் எங்கே இருக்கின்றன என்று யாரும் தேடியதாக எனக்குத் தெரியவில்லை.

ரஷ்யாவில் சுங்கீர் என்ற இடத்தில், சுமார் 34,000 ஆண்டுகளுக்கு முன்பு, இரண்டு சிறுவர்களைத் தலையோடு தலை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். மாமத் யானைத் தந்தத்தில் செய்த மணிகள் பத்தாயிரத்துக்கும் மேல். ஒரு மணி செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும் என்று செய்து பார்த்தவர்கள் கணக்கிட்டார்கள். விவசாயம் இல்லை, ஊர் இல்லை, அரசன் இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் அதற்குள் என்ன சாதித்திருப்பார்கள்? பெரியவனுக்குப் பொருள் வைத்தால், அவன் வேட்டைக்காரன், வீரன், சம்பாதித்தவன் என்று சமாதானம் சொல்லலாம். குழந்தைக்கு வைத்தால் அது பிறப்பால் வந்தது என்று ஆய்வாளர்கள் வாதிடுவார்கள். பாதி சரி. மீதிப் பாதியை, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டை ஒருமுறையாவது பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தாழிக்கு வருகிறேன். வெறும் தாழி என்றால் ஏழையின் தாழி என்று நானும் முதல் சில ஆண்டுகள் நினைத்துக்கொண்டுதான் வரைந்தேன், எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். ஒரு முகாமின்போது பக்கத்து ஊரில் சட்டிபானை செய்யும் பெரியவர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்தார். என் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாழியின் சுவர்க் கனத்தைக் காட்டியதும் குழிக்குள்ளேயே இறங்கிவிட்டார்.

"இது சக்கரத்துல வராது சார்" என்றார். அடியை முதலில் செய்து, கொஞ்சம் இறுகவிட்டு, அதன்மேல் மண் திரியை வளைத்து வளைத்து ஏற்றி, உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு பலகையும் வைத்துத் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் வயிறு இறங்கிவிடும். மழைக்காலம் என்றால் காயாது. காய்ந்தபின் சூளை. இவ்வளவு பெரியது சுட எத்தனை வண்டி விறகு என்று விரலை மடக்கினார். "அதுலயும் ஒண்ணு ரெண்டு வெடிச்சுப் போவும். ஒரு குடும்பம் வேற வேலையப் போட்டுட்டு இதுல உக்காரணும். சும்மா குடுப்பானா?"

நான் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு வெறும் தாழியைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய விறகு வண்டி கூடவே வந்து நிற்கும். புறநானூற்றில் ஐயூர் முடவனார் கிள்ளிவளவன் இறந்தபோது குயவனிடம்தான் பேசுகிறார், இவ்வளவு பெரியவனுக்குத் தாழி எப்படிச் செய்யப்போகிறாய் என்று. அரசனுக்கும் தாழி, பரம்பில் வரிசையாகக் கிடக்கும் மற்றவர்களுக்கும் தாழி. சரி, தாழி வாங்க வழி இல்லாதவர்களுக்கு?

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் பற்றிச் சொல்லும் இடத்தில், பிணத்தை அடக்கம் செய்யும் ஐந்து முறைகள் வருகின்றன. எரிப்பது, வெளியில் போட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, பள்ளத்தில் வைத்து அடைப்பது, தாழியால் மூடுவது. இந்த ஐந்தில் கடைசி மூன்றும்தான் எங்கள் தொழிலுக்குச் சோறு போடுகின்றன. எரிக்கப்பட்டவன் சாம்பல் காற்றோடு போயிற்று. வெளியில் போட்டவனை நரியும் கழுகும் மழையும் பார்த்துக்கொண்டன. அவனுக்கு மண்ணடுக்கில் இடமே இல்லை. கல்லும் தாழியும் இல்லாத வெறுங்குழியும் நம் செம்மண்ணில் சீக்கிரம் மறைந்துவிடும். அமிலம் மிகுந்த மண் எலும்பைத் தின்றுவிடுகிறது, குறிப்பாக எங்கள் மாவட்டத்து மழையில்.

ஒரு சின்னக் கணக்கு. முந்நூறு பேர் வாழும் ஒரு பழைய ஊர். ஆண்டுக்கு ஆயிரத்துக்கு நாற்பது சாவு என்றால் பன்னிரண்டு பேர். ஐந்நூறு ஆண்டில் ஆறாயிரம். கல்வட்டக் களங்கள் பலவற்றில் சுற்றி எண்ணினால் நூறு தேறாது. உழுது அழித்தது, கல் உடைத்தது, ரோடு போட்டது எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்து இரண்டாயிரம் என்றே வையுங்கள். மீதி நாலாயிரம் பேர் எங்கே? குழந்தைகளை எண்ணிப் பார்த்தாலும் இதே ஓட்டைதான். அந்தக் காலத்தில் பிறந்ததில் ஏறக்குறைய பாதி வளர்ந்து ஆளாகவில்லை என்பது பொதுவான மதிப்பீடு. அப்படியானால் களத்தில் பாதி சின்ன எலும்பாக இருக்க வேண்டும். நான் வரைந்த எந்தக் களத்திலும் அப்படி இல்லை. ஆகப் பொன் நெற்றிப்பட்டம் உள்ள தாழிக்கும் வெறும் தாழிக்கும் இடையே உள்ள தூரம், ஏற்றத்தாழ்வின் மேல்பாதிதான். கீழ்ப்பாதி களத்துக்கு வெளியே.

எலும்பு மிஞ்சிய இடங்களில் இன்னொரு கணக்கு கிடைக்கும், அதை மாமாவிடம் கற்றேன். எங்கள் ஊரைச் சுற்றிப் பனையேறிகள் அதிகம். விழுந்து அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். மாமா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இன்றைக்கு உடைந்த எலும்பைக் காட்டுவதற்கு முன்பு, உடையாத எலும்பைக் காட்டுவார். "பாரு, முட்டி எப்டித் தேஞ்சு போயிருக்குன்னு. ஆளுக்கு முப்பத்தஞ்சு வயசுதான்." தலையில் மீன் கூடை சுமக்கிற பெண்களின் கழுத்தெலும்பில் நிகழ்வதும் அவருக்குத் தெரியும். பெயரும் சாதியும் தொழிலும் எழுதிய சீட்டு படத்தில் ஒட்டியிருக்காது. அவருக்கு அது தேவையும் இல்லை.

இந்தப் பார்வை தொல்லியலுக்குள் வர நாளாயிற்று. ஆதிச்சநல்லூர் மண்டை ஓடுகளைப் பற்றி 1930-இல் சாலி சுக்கர்மன் எழுதியது சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. அந்தக் காலத்தின் கவலை முழுக்க இனம்தான். மண்டையின் நீளம் என்ன, அகலம் என்ன, எந்த இனத்தோடு சேர்ப்பது. பல்லில் இருக்கும் கோட்டை யாரும் தேடவில்லை. சின்ன வயதில் கடும் பட்டினியோ காய்ச்சலோ வந்தால், உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமலில் குறுக்கே ஒரு பள்ளக் கோடு விழும். பிறகு எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டாலும் அது மறையாது. கண்குழியின் மேற்கூரையில் பொடிப்பொடியாகத் துளை இருந்தால் இரத்தசோகையைச் சந்தேகிக்கலாம். இரண்டு தாழிகளில் ஒன்றில் மணி, ஒன்றில் இல்லை என்பதைவிட, ஒன்றில் கோடு விழுந்த பல், ஒன்றில் விழாத பல் என்பது எனக்குக் கனமான செய்தி. மணியை உறவினர் வைக்கலாம், எடுக்கலாம். ஐந்து வயதில் பசித்ததை யாரும் எடுக்க முடியாது.

இதற்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. நம் பக்கத்துத் தாழிகளில் பெரும்பாலும் உடலை முழுதாக வைப்பதில்லை. வேறெங்கோ வைத்துச் சதை போனபின் மண்டையையும் நீண்ட எலும்புகளையும் பொறுக்கி வைப்பார்கள். பல் சிதறிப்போயிருக்கும். முழுசாக உட்காரவைத்த தாழி கிடைத்தால் முகாமே கூடிவிடும். கூலிக்கு வருகிற பெண்கள், வயதாகிச் சாகாமல் சுருங்கிப் போன கிழடுகளை விளக்கு மாடத்தில் வைத்துப் பார்த்து, கடைசியில் தாழியில் இறக்கிய பழங்கதையை அப்போதுதான் எடுப்பார்கள். எல்லா ஊரிலும் அந்தக் கதையில் கிழவிதான் அதிகம், கிழவன் குறைவு. ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.

எந்தக் குழியிலும் வரைய முடியாத இன்னொன்று, குழிக்கு வந்த வழி. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், நிலத்தின் வழியே கொண்டுபோக விடாததால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றுக்குள் இறக்கினார்கள். வீடியோ வெளியே வந்து சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. சிதை எரிந்தபின் அந்த இடத்தை நாளை ஒருவன் தோண்டினால் என்ன கிடைக்கும்? கரி, சாம்பல், சில சுட்ட எலும்புத் துண்டுகள். வழி விடாதவர்களின் சுடுகாட்டிலும் அதேதான் கிடைக்கும். சமத்துவம் என்று எழுதிவிட்டுப் போவான். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிகளுக்கு நடுவே எழுப்பிய சுவர் பரவாயில்லை. அஸ்திவாரமாவது தோண்டுகிறவன் கையில் தட்டுப்படும்.

எங்கள் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இப்போது இடம் போதவில்லை. புதிதாகக் கட்டக் கூடாது, எல்லோருக்கும் ஒரே அளவுக் குழி, சில ஆண்டு கழித்து அதே குழியில் அடுத்தவர் என்று முடிவு செய்கிறார்கள். அப்பா இருந்திருந்தால் பிழைப்பு போச்சு என்று சொல்லியிருப்பார். அந்த ஒரே அளவுக் குழிகளில் இறங்குகிறவர்களில் வளைகுடாவில் இருந்து பணம் அனுப்பும் மகன் உள்ளவரும் உண்டு, முந்திரி ஆலைக் கூலியும் உண்டு. ஆயிரம் ஆண்டு கழித்து என் மாதிரி ஒருவன் நூல் கட்டி வரைந்தால் எல்லாம் சமமாகத் தெரியும். அவனும் பல்லைப் பார்க்கட்டும்.

பதிவுத் தாளில் ஈமப்பொருட்கள் என்று ஒரு கட்டம் உண்டு. வெறும் தாழிக்கு அதில் "இல்லை" என்று எழுதி அடுத்ததற்குப் போய்விடுவது வழக்கம். நான் வரைபடத்தின் ஓரத்தில் சுவரின் கனம், உயரம், வாய் விட்டம், கணக்கிட்ட எடை, எலும்பு உண்டா, பல் உண்டா என்று தனியாக எழுதிவைக்கிறேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் யாரும் தடுக்கவும் இல்லை.

இப்போது மரபணு, ஐசோடோப்பு என்று சோதனைகள் வந்துவிட்டன. யார் எங்கே பிறந்து வளர்ந்தார், என்ன சாப்பிட்டார், யாருக்கு யார் உறவு என்றெல்லாம் பல்லில் இருந்தும் காதெலும்பில் இருந்தும் எடுக்கிறார்கள். செலவு அதிகம், அதனால் ஒரு களத்தில் சில மாதிரிகள்தான் போகும். எந்தத் தாழியில் இருந்து எடுப்பது என்று பேச்சு வரும்போது, எல்லோர் விரலும் மணி இருந்த தாழியை, வாள் இருந்த தாழியைத்தான் காட்டுகிறது. பிறகு அதே பத்துப் பேரை வைத்து அந்த ஊரே என்ன சாப்பிட்டது என்று கட்டுரை வரும். பாதி மாதிரியை வெறும் தாழியில் இருந்து எடுங்கள் என்று ஒவ்வொரு முகாமிலும் சொல்லிப் பார்க்கிறேன். வரைகிறவனுக்கு இதில் என்ன என்பதுபோல் சிலர் பார்ப்பார்கள். போன பருவத்தில் மூன்றுக்குச் சம்மதித்தார்கள். பல் நன்றாக இருந்த மூன்று வெறும் தாழிகளின் எண்களை என் நோட்டில் இருந்து பார்த்து எழுதிக் கொடுத்தேன். முடிவு இன்னும் வரவில்லை.